பத்தாவது மிதியிலும் பிடிக்க வேண்டும்: பழைய ஷெவர்லே பிக்கப்பில் டிரம் போய் டிஸ்க் வரும்போது

1968-ல் அமெரிக்காவில் ஷெவர்லே சி-10 பிக்கப் வாங்கப் போனவர், கூடுதல் பணம் கொடுத்தால் 396 கன அங்குல வி-8 இன்ஜினோடு வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். 300 குதிரைத்திறனுக்கும் மேல். ஆனால் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். முன்சக்கர டிஸ்க் பிரேக் சி-10 வண்டிகள் எல்லாவற்றிலும் வழக்கமான பொருத்தமாக வந்தது 1971 மாடலில். வண்டியை ஓட வைக்கும் பலம் வந்து மூன்று வருடம் கழித்துத்தான் அதை நிற்க வைக்கும் ஏற்பாடு வந்து சேர்ந்தது.

1967 முதல் 1972 வரை வந்த இந்த வடிவத்தை அங்கே இன்றும் ஏராளமானவர்கள் ஆசையாக வைத்து ஓட்டுகிறார்கள். பண்ணைக்கும் கடைவீதிக்கும் நடுவே மெதுவாக ஓடப் பிறந்த வண்டி, இப்போது ஏபிஎஸ் பொருத்திய கார்களுக்கு நடுவே நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகிறது. முன்னால் போகும் கார் சட்டென்று நிற்கும். பின்னால் வரும் 1969 பிக்கப்பும் நின்றாக வேண்டும். அதனால்தான் பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயின்ட்டுக்கும் இன்ஜினுக்கும் முன்னால் பிரேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்படி ஆரம்பிப்பதுதான் சரி.

ஆனால் இந்த மாற்றத்தைப் பலரும் சக்கரத்தோடு முடிகிற வேலையாக நினைக்கிறார்கள். டிரம்மைக் கழற்று, டிஸ்கை மாட்டு, அவ்வளவுதான் என்று. உண்மையில் மிதிக்கும் பெடலில் தொடங்கி டயர் ரோட்டைத் தொடும் இடம் வரைக்கும் ஒரே கணக்கு ஓடுகிறது. ஒரு முனையில் கை வைத்தால் மீதி எல்லாவற்றையும் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏன் என்று புரிய, டிரம் எப்படிப் பிடிக்கிறது என்பதிலிருந்து வருவோம்.

சுழலும் இரும்புச் சட்டிக்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். மிதித்தால், சக்கரத்திலேயே இருக்கும் சின்ன ஆயில் உருளையான வீல் சிலிண்டர் அவற்றை வெளிப்பக்கம் தள்ளுகிறது, ஷூ மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங் சட்டியின் உள்சுவரில் உரசுகிறது. இது எல்லோருக்கும் தெரிந்தது. சி-10-ல் இருந்த வகையில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. இரண்டு ஷூக்களின் கீழ்முனைகளும் பின்தட்டில் பிணைக்கப்படவில்லை. நடுவே நட்சத்திரப் பல்சக்கரம் வைத்த ஒரு அட்ஜஸ்டர் மட்டும் இரண்டையும் இணைக்கிறது. முன்பக்க ஷூ சட்டியைத் தொட்டதும், சுழலும் சட்டி அதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. அந்த இழுப்பு அட்ஜஸ்டர் வழியாகப் போய்ப் பின்பக்க ஷூவை இன்னும் பலமாகச் சட்டியோடு அழுத்துகிறது. அதாவது வண்டியின் ஓட்டமே வண்டியை நிறுத்த ஒரு கை கொடுக்கிறது. பின் ஷூவுக்கு வேலை அதிகம் என்பதால்தான் அதன் லைனிங் நீளமாகவும் முன் ஷூவின் லைனிங் குட்டையாகவும் இருக்கும். கழற்றி மாட்டும்போது இதை இடம் மாற்றிப் போட்டுவிட்டு, பிரேக் சரியில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய.

அருமையான யோசனை. காலுக்குத் துணையாகத் தள்ளும் பூஸ்டர் இல்லாமலேயே கனமான வண்டியைச் சாதாரண மனிதர் காலால் நிறுத்த முடிந்தது இதனால்தான். ஆனால் நல்லதைப் பெருக்குகிற ஏற்பாடு கெட்டதையும் பெருக்கும். லைனிங்கின் உராய்வு கொஞ்சம் குறைந்தால் பிரேக்கின் பிடி அதைவிட அதிகமாகக் குறையும். ஒரு பக்கச் சட்டிக்குள் மட்டும் தண்ணீர் புகுந்தால், மிதித்தவுடன் ஸ்டீயரிங் மறுபக்கம் இழுக்கும். பழைய ஸ்கூட்டரை மழையில் ஓட்டியவர்களுக்கு, நனைந்த டிரம் முதல் மிதியில் எப்படிக் கைவிடும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி சூடு. பிரேக் என்பது ஓட்டத்தை வெப்பமாக மாற்றுகிற கருவி. 1,800 கிலோ எடையுள்ள பிக்கப் மணிக்கு 60 மைலில், அதாவது சுமார் 97 கிலோமீட்டரில் வந்து நிற்கிறது என்று வையுங்கள். வெளியாகும் ஆற்றல் சுமார் 650 கிலோஜூல். இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. அடுப்பில் வைத்தால் பத்து நிமிடம் பிடிக்கிற காரியம், பிரேக்கில் நான்கைந்து விநாடியில் நடந்து முடிகிறது. அதில் பெரும்பங்கு முன்சக்கரங்களில் இறங்குகிறது.

டிரம்மில் அந்தச் சூடு உள்ளேயே அடைபடுகிறது. சூடேறிய சட்டி விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. அதனால் பெடல் இன்னும் கீழே போகிறது. லைனிங்கின் உராய்வும் சூட்டில் குறைகிறது. மலைச்சாலை இறக்கத்தில் நான்கைந்து முறை பலமாக மிதித்த பிறகு பெடல் தரையைத் தொடப் போகும், வண்டி மட்டும் நிற்காது. டிஸ்கில் இது தலைகீழ். வார்ப்பிரும்புத் தட்டு காற்றில் திறந்து சுழல்கிறது. அதை இரண்டு பக்கமும் கவ்வும் உராய்வுக் கட்டைதான் பேட். சூடானால் தடித்துப் பேடை நோக்கித்தான் வரும். நனைந்தால் சுழற்சியிலேயே தண்ணீர் உதறிப் போகும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நன்றாக அட்ஜஸ்ட் செய்த டிரம் பிரேக், முதல் மிதியில் சக்கரத்தைப் பூட்டிவிடும். சக்கரம் பூட்டிய பிறகு அதற்கு மேல் நிறுத்துவது டயரின் கையில் இருக்கிறது. ஆகவே டிஸ்க் போட்டதால் மட்டும் முதல் மிதியில் நிற்கும் தூரம் பாதியாகக் குறையப் போவதில்லை. டிஸ்கின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. முதல் மிதியில் கொடுத்ததைப் பத்தாவது மிதியிலும் கொடுக்கும், மழையிலும் கொடுக்கும், இடது வலது வித்தியாசம் இல்லாமல் கொடுக்கும். என்னைக் கேட்டால், ஒரு பிரேக்கிடம் இதைவிடப் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

உலகம் இதை ரொம்ப முன்பே கண்டுகொண்டது. இங்கிலாந்தின் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்கு உரிமம் பெற்றது 1902-ல். 1953-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் வென்றபோது அதில் டன்லப் டிஸ்க் பிரேக் இருந்தது. 24 மணி நேரமும் ஒரே மாதிரி பிடித்தது என்பதுதான் அதன் வெற்றி. 1955-ல் சித்ரோவன் டிஎஸ் அதைப் பெருமளவில் விற்கும் காருக்குக் கொண்டுவந்தது. 1965-ல் ஷெவர்லேயே தன் கார்வெட்டுக்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க் கொடுத்துவிட்டது. பிக்கப் வண்டிக்குத்தான் அதற்குப் பிறகும் ஆறு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, மாற்றத்துக்கு வருவோம். டிஸ்கில் அந்த இலவச உதவி கிடையாது. பேட் தட்டை இரண்டு பக்கமும் கவ்வுகிறது. எவ்வளவு அழுத்துகிறோமோ அந்த அளவுக்குத்தான் பிடி, வண்டியின் ஓட்டம் ஒரு பைசாகூடச் சேர்த்துத் தராது. அந்த இழப்பை எங்கே ஈடுகட்டுவது? முதல் பதில், பேடைத் தட்டோடு அழுத்தும் கவ்வியான காலிப்பரின் பிஸ்டன். முன்பக்க வீல் சிலிண்டர் ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவான விட்டம் கொண்டது. 1⅛ அங்குலம் என்று வைத்தால் அதன் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர அங்குலம். ஜெனரல் மோட்டார்ஸின் ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரில் பிஸ்டன் விட்டம் 2 15/16 அங்குலம், பரப்பு 6.78 சதுர அங்குலம். கிட்டத்தட்ட ஏழு மடங்கு. அதே பிரேக் ஆயில் அழுத்தம் ஏழு மடங்கு பலமாகத் தள்ளும்.

பிஸ்டன் பெரிதானால் அதை நகர்த்த அதிக ஆயில் வேண்டும். அதனால், பெடலை மிதித்ததும் குழாய்களுக்கு ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் துளையையும் பெரிதாகப் போடத் தோன்றும். பழைய 1 அங்குலத்துக்குப் பதிலாக 1⅛ அங்குலம் போடுகிறார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். காலால் 75 பவுண்டு, அதாவது 34 கிலோ பலத்தில் மிதிக்கிறோம். பெடலின் நெம்பு விகிதம் 6-க்கு 1. மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனில் விழுவது 450 பவுண்டு. துளை 1 அங்குலமாக இருந்தால் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 573 பவுண்டு. 1⅛ அங்குலமானால் 453 பவுண்டுதான். கார் டயரில் 30, 35 பவுண்டு காற்றுப் பிடிக்கிறோமே, அதே அளவுகோல். துளையை ⅛ அங்குலம் பெரிதாக்கியதில் ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் போய்விட்டது. பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், வண்டி மட்டும் நிற்க யோசிக்கும். கெட்டியான பெடல் என்றால் நல்ல பிரேக் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள்.

ஆகவே பெரிய துளை போடுகிறவர்களுக்குப் பூஸ்டர் வேண்டும். இன்ஜின் காற்றை இழுக்கும் வெற்றிடத்தைப் பயன்படுத்தி, காலோடு சேர்ந்து தள்ளுகிற வட்டமான டப்பா அது. பூஸ்டர் இருந்தால் பெடலின் நெம்பு விகிதம் 4-க்கு 1 என்ற அளவில் போதும். பூஸ்டர் வேண்டாம் என்று நினைப்பவர்கள் 6-க்கு 1 பெடலையும் 1 அங்குலத் துளையையும் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் கலக்கக் கூடாது. 4-க்கு 1 பெடலும் 1⅛ துளையும் வைத்துவிட்டுப் பூஸ்டரை விட்டால் தொடை வலிக்க மிதித்தாலும் வண்டி நிற்காது. இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டாகப் பந்தய வகைக் கேம் போட்டிருந்தால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கேம்கள் வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும் ஐடிலில் வெற்றிடத்தைக் குறைத்துவிடும், பூஸ்டருக்கு வேண்டிய இழுப்பு கிடைக்காது. அப்படிப்பட்ட வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் பம்ப்பின் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ரோபூஸ்ட் வகை பொருத்துகிறார்கள்.

பூஸ்டருக்கான மாஸ்டர் சிலிண்டரும் அது இல்லாத மாஸ்டர் சிலிண்டரும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பின்பக்கம் தள்ளுகோல் உட்காரும் குழியைப் பாருங்கள். பூஸ்டர் வகையில் குழி ஆழம் குறைவு. அதைப் பூஸ்டர் இல்லாமல் பெடலோடு நேராக இணைத்தால் கோல் நழுவி விழ வாய்ப்பு உண்டு. விழுந்தால் பிரேக்கே இல்லை. விரலை விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும் விஷயம் இது.

மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் தொட்டியும் முக்கியம். டிரம்மில் லைனிங் தேயத் தேய அட்ஜஸ்டர் ஷூவை வெளியே நகர்த்திக்கொள்ளும், ஆயில் மட்டம் பெரிதாக இறங்காது. டிஸ்கில் பேட் தேய்கிற அளவுக்குப் பிஸ்டன் வெளியே வந்தே நிற்கும். அந்த இடத்தை ஆயில்தான் நிரப்ப வேண்டும். இரண்டு பேடும் சேர்ந்து முக்கால் அங்குலம் தேய்ந்தால், 6.78 சதுர அங்குலப் பிஸ்டன்கள் இரண்டுக்கும் சேர்த்து 160 மில்லிக்கும் மேல் ஆயில் தொட்டியிலிருந்து இறங்கியிருக்கும். டிரம்முக்காகச் செய்த சிறிய தொட்டி அதற்குள் வற்றிவிடும். டிஸ்க் வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் முன்சக்கரத் தொட்டி பெரிதாக இருப்பது இதற்காகத்தான்.

பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் வாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும். காலை எடுத்த பிறகும் குழாயில் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தை அது தக்கவைக்கும். டிரம்முக்கு அது நல்லது. வீல் சிலிண்டர் ரப்பர் விரிந்தே இருக்கும், காற்றுப் புகாது. டிஸ்கில் பேடை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் கிடையாது. அந்த 10 பவுண்டு இருந்தால் பேட் ஓயாமல் தட்டில் உரசிக்கொண்டே இருக்கும், சக்கரம் கொதிக்கும். 1947-ல் தொடங்கிய இன்னும் பழைய ஷெவர்லே பிக்கப்பில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருந்தது. அங்கே காலிப்பர் உயரத்துக்கு மாஸ்டர் தாழ்ந்து போவதால் ஆயில் திரும்பி வடிந்துவிடும். அதற்கு டிஸ்க் பக்கம் 2 பவுண்டு வால்வு ஒன்று வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் இன்ஜின் பக்கத்துச் சுவரில் உயரமாக இருக்கும் சி-10-க்கு இந்தத் தொல்லை இல்லை.

1967-க்கு முந்தைய வண்டி என்றால் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. அவற்றில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. எங்கே ஒரு குழாய் ஓட்டையானாலும் நான்கு சக்கரப் பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். 1967 மாடலில்தான் இரண்டு அறை வந்தது. முன்பக்கம் போனாலும் பின்பக்கம் மிஞ்சும். கையில் காசு குறைவாக இருந்து ஒன்றை மட்டும் இப்போது செய்ய முடியும் என்றால், டிஸ்கைத் தள்ளிவைத்துவிட்டு இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரை முதலில் போடுங்கள்.

இனிப் பின்சக்கரம். பிக்கப் வண்டியின் குணமே அங்கேதான் இருக்கிறது. சுமை இல்லாதபோது பின்பக்கம் லேசு. பிரேக் பிடித்தால் எடை இன்னும் முன்னால் சாயும். குட்டை வகை சி-10-ன் முன்பின் சக்கர இடைவெளி 115 அங்குலம். ஈர்ப்பு மையம் ரோட்டிலிருந்து 27 அங்குல உயரத்தில் இருப்பதாக வைத்து, 0.7 ஜி அளவில், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.7 பங்கு அளவில் பிரேக் பிடித்தால் மொத்த எடையில் 16 சதவீதம் முன்னால் நகர்கிறது. நிற்கும்போது பின்னால் 42 சதவீதம் இருந்தால், பிரேக் பிடிக்கும் நேரத்தில் 26 சதவீதம்தான் மிஞ்சும். ஆனால் பின்பக்க டிரம், தளம் நிறையச் சுமை ஏற்றிய வண்டியை நிறுத்துவதற்காக அளவெடுத்தது. வெற்று வண்டியில் அது சீக்கிரம் சக்கரத்தைப் பூட்டிவிடும். முன்சக்கரம் பூட்டினால் வண்டி நேராக வழுக்கும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் வால் சுற்றி முன்னுக்கு வந்துவிடும். ஈர ரோட்டில் அதை மீட்பது எல்லோராலும் ஆகிற காரியம் இல்லை.

முன்னால் டிஸ்க் போட்டு, உதவி இல்லாத அந்த டிஸ்குக்காக ஆயில் அழுத்தத்தைக் கூட்டும்போது, பின்னால் இருக்கும் டிரம்முக்கும் அதே அழுத்தம் போய்ச் சேர்கிறது என்பதை மறக்கக் கூடாது. அதைக் கட்டுப்படுத்தத்தான் காம்பினேஷன் வால்வு என்ற பித்தளைக் கட்டி. அது மூன்று வேலை செய்கிறது. பின் ஷூக்கள் ஸ்பிரிங்கை வென்று சட்டியைத் தொடும் வரை முன் டிஸ்கை ஒரு நொடி பொறுக்கச் சொல்கிறது. பலமாக மிதிக்கும்போது பின்பக்க அழுத்தம் முன்பக்கத்துக்குச் சமமாக ஏறாமல் தட்டி வைக்கிறது. ஒரு பக்கம் கசிந்தால் டாஷ்போர்டு விளக்கை எரிய வைக்கிறது. கையால் திருகும் வால்வு போடுகிறவர்கள், பின்பக்கத்துக்கு மிகக் குறைவான அழுத்தத்தில் ஆரம்பித்து, ஆள் இல்லாத இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். பின்னால் கூட டிஸ்க் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போடலாம். ஆனால் பின்சக்கரத்தின் பங்கு இவ்வளவு சிறியது, டிரம்மில் கைபிரேக் எளிதாக வேலை செய்கிறது. தெருவில் ஓட்டும் வண்டிக்குப் பின் டிரம்மை நல்ல நிலையில் வைத்துக்கொள்வதே போதும் என்பது என் எண்ணம்.

உதிரிபாகத்தை எங்கிருந்து எடுப்பது? 1971, 1972 வண்டியின் முன் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் இரும்பு), தட்டு, காலிப்பர் எல்லாம் அதே குடும்பம், 1967-70 வண்டிக்கு இயல்பாகப் பொருந்தும். அவை கிடைப்பது அரிதாகிவிட்டதால், 1973 முதல் 1987 வரை வந்த சதுர வடிவ வண்டிகளைப் பழைய இரும்புக் கடையில் தேடுகிறார்கள். அப்போது நக்கிளைத் தாங்கும் பந்து மூட்டான பால் ஜாயின்ட் அளவைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். தட்டு 1 அங்குலத் தடிமனிலும் 1¼ அங்குலத் தடிமனிலும் வந்தது. ஒன்றின் நக்கிளுக்கு இன்னொன்றின் காலிப்பரை மாட்டப் பார்த்து நாள் முழுக்க மல்லுக்கட்டாதீர்கள். அப்புறம் சக்கர போல்ட். 1970 வரை சி-10-க்கு ஆறு போல்ட், 1971-லிருந்து ஐந்து. முன்னால் மட்டும் மாற்றினால் முன்னே ஐந்தும் பின்னே ஆறுமாக நிற்கும், ஸ்டெப்னி ஒரு பக்கத்துக்குத்தான் உதவும். ஆறு போல்ட் தட்டோடு புதிய கிட்டுகள் கிடைக்கின்றன. பழைய ரிம்மையும் அதன் மேல்மூடியான வீல் கப்பையும் காப்பாற்ற விரும்புகிறவர்களுக்கு அதுவே வழி. ரிம் 15 அங்குலமாக இருந்தாலும் காலிப்பர் மேல் உரசுகிறதா என்று டயர் மாட்டும் முன் கையால் சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.

வேலையில் இறங்கும்போது முதல் எச்சரிக்கை தூசி. அந்தக் கால லைனிங்கில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. சட்டியைக் கழற்றியதும் கம்ப்ரசர் காற்று வைத்து ஊதுவது நம் எல்லோருக்கும் பழகிய கை. அதைச் செய்யவே கூடாது. ஈரத்துணியாலோ பிரேக் கிளீனராலோ நனைத்துத் துடைக்க வேண்டும். குழாய்களுக்குச் செம்புக் குழாய் வளைக்க எளிது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிரேக் அழுத்தத்திலும் அதிர்விலும் அது விரிசல் விடும். எஃகோ செம்பு-நிக்கல் கலவையோ போட்டு, முனையை இரட்டை மடிப்பாக மடிக்க வேண்டும்.

குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது எவ்வளவு மிதித்தாலும் பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறதா? மாஸ்டர் சிலிண்டரைக் குறை சொல்லும் முன் காலிப்பர்களைப் பாருங்கள். இடது காலிப்பரை வலதில் மாட்டிவிட்டால் ஏர் எடுக்கும் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலே நிற்கும், நிப்பிள் வழியாக ஆயில் மட்டும்தான் வரும். எத்தனை பாட்டில் ஊற்றினாலும் அந்தக் குமிழி வெளியே வராது. நிப்பிள் எப்போதும் மேலே. புதிய மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் ஏற்றும் முன் மேசையிலேயே வைத்துக் காற்றை வெளியேற்றிவிட்டால் பாதி வேலை மிச்சம். பிரேக் ஆயில் டாட் 3 என்ற தரம் போதும். அதன் புதிய கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சியபின் 140. இறக்கச் சாலையில் இழுவை வண்டி கட்டி ஓட்டுகிறவர்கள் 230, 155 என்ற அளவுள்ள டாட் 4 ஊற்றுவது நல்லது.

எல்லாம் முடிந்ததும் முதலில் வண்டியை நிற்க வைத்து, இன்ஜினை ஓட விட்டுப் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது, தெருவுக்குப் போகாதீர்கள். இறங்காவிட்டால் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குப் போய் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 10 வரை நிதானமாக வேகம் குறைத்து, அரை நிமிடம் ஓட்டி ஆற விட்டு, மறுபடி குறைத்து, இப்படி இருபது முறை செய்ய வேண்டும். பேடின் மெல்லிய படலம் தட்டில் சீராகப் படிவது இந்த நேரத்தில்தான். நடுவில் முழுதாக நிறுத்திப் பெடலை மிதித்தபடி நிற்க வேண்டாம். சூடான பேட் அந்த ஒரே இடத்தில் தட்டோடு ஒட்டித் தடம் பதிக்கும். பிறகு ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் ஸ்டீயரிங்கில் அந்த இடம் உதறும். இருபதும் முடிந்ததும் பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆற விட்டு, வீட்டுக்கு வந்து, நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் டார்ச் அடித்து ஈரக்கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.